சங்கமன்கண்டிக்குக் கிழக்கே: கடல் மாசுக் குற்றமும் அதற்கான சான்றும்

கடலில் நடக்கும் சூழல் குற்றம் நடந்த இடத்தில் நிற்பதில்லை. காட்டில் களவாக வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மண்ணிலேயே இருக்கும். ஆற்றில் அள்ளிய மணலின் குழி அடுத்த வெள்ளம் வரைக்கும் கண்ணில் படும். கடலில் விடப்பட்ட எண்ணெய் சில மணி நேரத்தில் பரந்து, ஒரு பகுதி ஆவியாகி, ஒரு பகுதி அலையோடு கலந்து, மீதி காற்றும் நீரோட்டமும் கொண்டுபோகும் பக்கம் போய்விடுகிறது. விட்ட கப்பலும் போய்விடுகிறது. அதன் கொடி ஒரு நாட்டுடையது, உரிமையாளர் இன்னொரு நாட்டவர், சரக்கு மூன்றாவது நாட்டுக்குரியது, மாலுமிகள் நான்காவது நாட்டவர் என்பதெல்லாம் இன்றைய கப்பல் தொழிலில் வழமையானவை. ஆகவே இக்குற்றத்தை நீதிமன்றம் வரை கொண்டுசெல்ல, கடலைத் தொலைவிலிருந்து பார்க்கும் கருவிகளும் வேண்டும், அக்கருவிகள் கண்டதை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் நாடுகளும் வேண்டும். இவ்விரண்டும் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கின்றன, எங்கே தளர்ந்து நிற்கின்றன என்பதை அம்பாறைக் கரையில் 2020இல் நடந்த ஒரு நிகழ்வு தெளிவாகக் காட்டியது.

அம்பாறை மாவட்டத்தின் கரை வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று இறங்கிப் பொத்துவிலையும் தாண்டிச் செல்கிறது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி அமைந்த இக்கரையில் கடற்றொழில் இரு சமூகத்துக்கும் பொதுவானது. சங்கமன்கண்டி முனை கோமாரிப் பக்கத்தில், கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தெற்கே இருக்கிறது. இலங்கைத் தரையின் கிழக்கு எல்லை அதுதான். பாரசீக வளைகுடாவிலிருந்து வங்காள விரிகுடாத் துறைமுகங்களுக்கு எண்ணெய் ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்கள் இலங்கையின் தெற்கைச் சுற்றி வடக்கே திரும்பும்போது இம்முனைக்கு வெளியே கடந்து போகின்றன. கரையில் நிற்பவருக்கு அவை பெரும்பாலும் தெரிவதில்லை. ஆழ்கடலுக்குப் போகும் தண்டையல்மாருக்குத் தெரியும்.

2020 செப்டெம்பர் 3 காலை அப்படிக் கடந்து சென்றுகொண்டிருந்த நியூ டயமண்ட் என்ற கப்பலின் இயந்திர அறையில் கொதிகலன் வெடித்துத் தீப்பற்றியது. இடம், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே 38 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கப்பல் பனாமாக் கொடி உடையது. உரிமை லைபீரியாவில் பதிந்த ஒரு நிறுவனத்தினது, நிர்வாகம் கிரேக்கத்தில். குவைத்தின் மினா அல் அஹ்மதியில் ஏற்றிய 2,70,000 தொன் மசகு எண்ணெயை ஒடிசாவின் பாரதீப்பில் இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல், தன் சொந்தப் பாவனைக்கான எரிபொருளாக 1,700 தொன் அளவும் கப்பலில் இருந்தது. 23 மாலுமிகளில் 18 பேர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், 5 பேர் கிரேக்கர். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். காயப்பட்ட மூன்றாம் பொறியியலாளர் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அடுத்த ஆறு நாட்கள் நடந்த வேலை பிராந்திய ஒத்துழைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் முதலில் சென்றன. இந்தியக் கரையோரக் காவற்படை தன் கப்பல்களையும் டோர்னியர் விமானத்தையும் அனுப்பியது, இந்தியக் கடற்படைக் கப்பலும் சேர்ந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்து இழுவைக் கப்பல்கள் வந்தன. அங்கே நின்ற ரஷ்யக் கடற்படைக் கப்பல்களும் உதவிக்குப் புறப்பட்டன. கரைப்பக்கம் நகரத் தொடங்கிய கப்பல் மீண்டும் ஆழ்கடலுக்கு இழுக்கப்பட்டது. செப்டெம்பர் 6ஆம் திகதி கட்டுப்பட்ட தீ, மறுநாள் கடுங்காற்றில் மீண்டும் மூண்டு, 9ஆம் திகதி அணைந்தது. மசகு எண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. கப்பலின் எரிபொருள் கசிந்து படலமாகப் பரவியதே கடலுக்கு வந்த மாசு. அதன் மீது விமானத்திலிருந்து சிதறடிக்கும் இரசாயனம் தெளிக்கப்பட்டது.

எது தப்பியது என்பதை அளவிட்டுப் பார்ப்பது அவசியம். 1989இல் அலாஸ்காவில் எக்சன் வால்டிஸ் கொட்டியது ஏறத்தாழ 37,000 தொன். நியூ டயமண்டின் வயிற்றில் இருந்தது அதைப் போல ஏழு மடங்குக்கு மேல். சங்கமன்கண்டி நிகழ்வுக்கு ஆறு கிழமைகள் முன்னர், 2020 ஜூலை 25இல், மொரீசியஸ் தீவின் பவளப்பாறையில் வாகாஷியோ என்ற கப்பல் ஏறி நின்றது. அதிலிருந்து வெளியேறிய எண்ணெய் சுமார் 1,000 தொன் மட்டுமே. அந்தச் சிறு அளவே மொரீசியஸின் களப்புகளையும் கண்டற்காடுகளையும் கறுப்பாக்கியது.

காலமும் கைகொடுத்தது. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு போவதோடு, காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு வேகத்திலும் நகரும் என்பது கடல் மாசுக் கணிப்பில் நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு. செப்டெம்பரில் கிழக்குக் கரையில் வீசுவது தென்மேல் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கியது. வாடைக்காலத்தில் நிலைமை நேரெதிர். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் கரையை நோக்கி வீசும் காற்று, எண்ணெயைச் செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர், நாளொன்றுக்கு 26 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளும். நீரோட்டத்தை விட்டுவிட்டால்கூட, 70 கிலோமீட்டர் கடக்க மூன்று நாள் போதும். இதே விபத்து டிசெம்பரில் நடந்து தாங்கி உடைந்திருந்தால், தீ அணைவதற்கு முன்னரே எண்ணெய் கரையேறியிருக்கும்.

அப்படிக் கரையேறும் எண்ணெய் முதலில் தொடுவது கரைவலையை. தோணி வலையை அரைவட்டமாக விட்டுவர, இரு முனை வடங்களையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக மணிக்கணக்கில் இழுப்பார்கள். கடைசியில் மடி கரைக்கு வரும். கீரியும் நெத்தலியும் பாரைக்குட்டியும் அதற்குள் துள்ளும். இந்த வலை கடலின் அடியையும் மேற்பரப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு வருவதால், நீரில் மிதக்கும் தார்க்கட்டி ஒவ்வொன்றும் கண்ணிகளில் ஒட்டும். தார் ஏறிய நைலோன் வலையைக் கழுவி மீட்பது பெரும்பாடு. மடியில் அகப்பட்ட மீனில் எண்ணெய் மணம் இருந்தால் வாடியில் எவரும் ஏலம் கேட்க மாட்டார். வலை ஒன்றை நம்பிப் பல குடும்பங்கள் பங்குக்கு இழுக்கும் தொழில் இது. ஒரு பாடு வீணாவது அத்தனை அடுப்பையும் தொடும்.

இனி வழக்கு. இலங்கையில் இத்தகைய குற்றத்துக்குரிய சட்டம் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம். அதன்படி செயற்படுவது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. தீயணைப்புக்கும் மீட்புக்கும் ஆன செலவாக இலங்கை கேட்ட 44 கோடி 20 இலட்சம் ரூபாயைத் தர உரிமையாளர் இணங்கினார். கப்பலின் கிரேக்கத் தலைவர் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 1 கோடியே 20 இலட்சம் ரூபாய். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 65,000 அமெரிக்க டொலர். கப்பலில் இருந்த சுமார் 20 இலட்சம் பீப்பாய் எண்ணெயை அக்காலத்து விலையான 40 டொலரால் பெருக்கினால் 8 கோடி டொலர் வரும். தண்டம் சரக்கின் பெறுமதியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஏன் சிறைத்தண்டனை இல்லை என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. விடை இலங்கையின் சட்டத்தை விட மேலான ஓரிடத்தில் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கை கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்புலக் கடல் என்றும், 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார வலயம் என்றும் வகுக்கிறது. அதன் 230ஆம் பிரிவின்படி, ஆட்புலக் கடலுக்கு வெளியே வெளிநாட்டுக் கப்பல் ஏற்படுத்தும் மாசுக்குக் கரைநாடு பணத்தண்டம் மட்டுமே விதிக்கலாம். உள்ளே நடந்தாலும், வேண்டுமென்றே செய்த கடுமையான மாசு தவிர மற்றவற்றுக்கு அதே வரம்புதான். 38 கடல் மைல் தொலைவில் நடந்ததற்கு வழி அவ்வளவே. கப்பலோட்டும் நாடுகளின் நலனைக் கருதி எழுதப்பட்ட இவ்வரம்பு கடலோர மக்களுக்கு நியாயமாகப் படாது. இருந்தாலும், தண்டத்தின் அளவை உயர்த்துவதற்கும், குற்றவியல் வழக்கோடு நின்றுவிடாமல் இழப்பீட்டு வழக்கை வலுவாக நடத்துவதற்கும் எந்த உடன்படிக்கையும் தடையாக இல்லை. இழப்பீட்டு வழக்கு முழுவதும் சான்றின் மேல் நிற்பது.

அச்சான்றை உண்டாக்கும் கருவிகள் இன்று பல. முதலாவது ராடார் செய்மதி. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2014 முதல் ஏவிவரும் சென்ரினல்-1 வகைச் செய்மதிகள் இரவிலும் முகில் மூடிய பகலிலும் கடலைப் பார்க்கின்றன. படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும். எண்ணெய்ப் படலம் கடல் மேல் எழும் சிற்றலைகளை அடக்கிவிடும். சிற்றலை இல்லாத இடத்திலிருந்து ராடார் கதிர் செய்மதிக்குத் திரும்பாது. ஆகவே படத்தில் அவ்விடம் கறுப்பாக விழும். காற்று மிக மெலிந்த இடமும் பாசி படர்ந்த இடமும் அதே போலக் கறுப்பாக விழுவதுதான் சிக்கல். காற்று மிகக் கடுமையாக இருந்தால் படலமே தெரியாது. தவிர, தனி ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் எடுக்கும். செய்மதி ஐயத்தைக் கிளப்பும், குற்றத்தை நிறுவாது.

இரண்டாவது, கப்பல்கள் தம்மை அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவி. சர்வதேசப் பயணம் செய்யும் 300 தொன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பல்களும் இதை வைத்திருக்க வேண்டும். பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை அது இடைவிடாமல் ஒலிபரப்பும். செய்மதிப் படத்தின் கறுப்புக் கோட்டையும், அந்நேரத்தில் அக்கடலைக் கடந்த கப்பல்களின் தடங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், ஐயத்துக்குரிய கப்பல்கள் ஒன்றிரண்டாகக் குறையும். களவாக எண்ணெய்க் கழிவை விட நினைப்பவர் கருவியை அணைத்துவிடலாம். ஆனால் அணைத்த நேரமும் மீண்டும் போட்ட நேரமும் பதிவில் இருக்கும், அந்த இடைவெளியே விசாரணைக்கு ஒரு தடயம்.

மூன்றாவதும் நீதிமன்றத்தில் அதிக எடையுள்ளதும் எண்ணெயின் கைரேகை. ஒவ்வோர் எண்ணெய் வயலின் மசகு எண்ணெயிலும் ஹோப்பேன், ஸ்ரெரேன் எனப்படும் பழங்கால உயிர்ச்சுவட்டுச் சேர்மங்கள் தத்தமக்குரிய விகிதத்தில் இருக்கும். வெயிலிலும் அலையிலும் நாட்கணக்கில் கிடந்தாலும் அவ்விகிதம் எளிதில் மாறாது. வாயு நிறப்பகுப்பும் நிறைமாலையும் இணைந்த கருவியில் கரையில் எடுத்த தாரையும் கப்பலின் தாங்கியில் எடுத்த எண்ணெயையும் ஓட்டிப் பார்த்தால், இரண்டும் ஒன்றா என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவின் கடலோர நாடுகள் இதற்கென ஆய்வுகூட வலையமைப்பு ஒன்றை நடத்துகின்றன. ஒரு நாட்டுக் கரையில் எடுத்த மாதிரி இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலோடு ஒப்பிடப்படுகிறது.

இந்த உயர்ந்த வேதியியல் முழுவதும் ஒரு போத்தலில் தங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாதிரி எடுக்கும் போத்தல் கண்ணாடியாக இருக்க வேண்டும், அதுவும் வெளிச்சம் புகாத பழுப்புக் கண்ணாடி. பிளாஸ்டிக் போத்தல் எண்ணெயை உறிஞ்சும், தன் இரசாயனத்தையும் அதற்குள் விடும். எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவை அங்கேயே எழுதப்பட்டு, மூடி முத்திரையிடப்பட்டு, குளிரில் வைக்கப்பட வேண்டும். அருகே மாசுபடாத கரையிலிருந்தும் ஒரு போத்தல் எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால், இந்தக் கரையில் எப்போதும் இவ்வளவு தார் உண்டு என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வதற்கு விடை இராது. போத்தல் கைமாறும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒப்பமிட வேண்டும். இடையில் ஓர் ஒப்பம் விடுபட்டால் கோடிக்கணக்கான இழப்பீடு அங்கேயே அறுந்துபோகும். செய்மதியின் பெறுமதியை இறுதியில் தீர்மானிப்பது இந்தச் சிறு ஒழுங்குதான்.

எண்முறைத் தடயங்களுக்கும் இதே விதி பொருந்தும். 2021 மே 20இல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் இதற்குப் பெரிய பாடம். சிங்கப்பூர்க் கொடியுடைய அக்கப்பலில் 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் சேர்ந்தன. அவ்வகையில் உலகம் கண்ட மிகப் பெரிய கொட்டல் அது. அமிலக் கொள்கலன் கசிவது மே 11ஆம் திகதியே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமட் துறைமுகமும் குஜராத்தின் ஹசிரா துறைமுகமும் அதை இறக்க இணங்கவில்லை. அந்தச் செய்தி உரிய நேரத்தில் உரிய வடிவில் கொழும்புக்கு வந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். விசாரணையில் கப்பலின் பயணப் பதிவுக் கருவி மீட்கப்பட்டது. உள்ளூர் முகவரின் மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டிருந்ததாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. கடற்கரையில் பிளாஸ்டிக் மணியைப் பொறுக்கும் அதே நாளில் கணினியையும் கைப்பற்ற வேண்டும் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

எந்த நாட்டு நீதிமன்றம் என்பது அடுத்த சிக்கல். உரிமையாளர் தரப்பு இலண்டன் கப்பல் நீதிமன்றத்தில் தம் பொறுப்பை 1.9 கோடி பவுண் அளவுக்குள் மட்டுப்படுத்திக்கொண்டது. இலங்கை 2023இல் சிங்கப்பூரில் வழக்குத் தொடர்ந்தது. கொழும்பில் கடற்றொழிலாளரும் சூழல் அமைப்புகளும் கொண்டுவந்த அடிப்படை உரிமை மனுக்களில் உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24இல் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அதைச் செலுத்த முடியாது என்று கப்பல் நிறுவனம் அதே ஆண்டு செப்டெம்பரில் பகிரங்கமாகக் கூறியது. ஒரு கடல், ஒரு கப்பல், ஒரு குற்றம். மூன்று நாட்டு நீதிமன்றங்கள், வெவ்வேறு தொகைகள். நாடுகளின் சட்ட ஒத்துழைப்பு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஒத்துழைப்புக்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. தெற்காசியக் கூட்டுறவுச் சூழல் நிகழ்ச்சித்திட்டம் 1982 முதல் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அதன்கீழ் எண்ணெய், இரசாயன மாசை எதிர்கொள்ளும் பிராந்தியத் திட்டம் ஒன்று உண்டு. இந்து சமுத்திரத் துறைமுகங்களில் வந்து நிற்கும் வெளிநாட்டுக் கப்பல்களைப் பரிசோதித்து முடிவுகளைப் பகிரும் உடன்பாடு 1999இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் நிலையம், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்து சமுத்திர நாடுகளுக்கு எச்சரிக்கை வழங்கும் மையங்களில் ஒன்றானது. மருதமுனையும் சாய்ந்தமருதும் ஆயிரக்கணக்கில் உயிர் கொடுத்த அப்பேரழிவுக்குப் பிறகே அந்த ஏற்பாடு பிறந்தது. கடலில் கொட்டிய எண்ணெய் எப்பக்கம் நகரும் என்பதைக் கணித்துச் சொல்லும் சேவையும் அந்நிலையத்திடம் இருக்கிறது. இன்டர்போல் 2018 ஒக்டோபரில் 58 நாடுகளைச் சேர்த்து முப்பது நாள் கடல் மாசுச் சோதனை நடத்தி, 500க்கு மேற்பட்ட குற்றங்களைப் பதிவுசெய்தது.

ஆனால் தீயணைக்கும் ஒத்துழைப்பு மணிக்கணக்கில் வருகிறது. சான்று தரும் ஒத்துழைப்பு மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் வருகிறது. முன்னதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பின்னதற்கு 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவிச் சட்டத்தின்கீழ் நீதி அமைச்சு வழியாகக் கடிதம் போக வேண்டும், மறுநாட்டின் உரிய அதிகாரி அதை ஏற்க வேண்டும், அந்நாட்டுச் சட்டப்படி ஆவணம் திரட்டப்பட்டுத் திரும்ப வேண்டும். இக்காலத்துக்குள் கப்பல் கைமாறிப் பெயரும் கொடியும் மாற்றிக்கொள்ளலாம். மாலுமிகள் வெவ்வேறு கப்பல்களில் ஏறிவிடுவர். பிராந்திய நாடுகள் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது: கப்பலின் சரக்குப் பட்டியல், முந்தைய துறைமுகத்துப் பரிசோதனை அறிக்கை, தாங்கியிலிருந்து எடுத்த எண்ணெய் மாதிரி ஆகிய மூன்றையும் விபத்து நடந்து சில நாட்களுக்குள் ஒன்றுக்கொன்று கொடுக்க முன்கூட்டியே உடன்படுவது. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு வெளியே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் அடுத்த மாதமே மன்னார்க் கரையில் ஒதுங்கின. இம்முறை கொட்டியது இந்தியக் கடலில், பொறுக்கியது இலங்கையில். பட்டியல் பகிர்வதில் இரு கரைக்கும் சம அக்கறை உண்டு.

ஆவணத் தடம் ஒழுங்காக இருந்தால் எல்லை கடந்த குற்றத்தைத் திருப்பி அனுப்பவும் முடியும் என்பதற்கு ஓர் இலங்கை எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017இலிருந்து பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் இறக்கப்பட்ட 263 கொள்கலன்களில் வைத்தியசாலைக் கழிவும் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. தீங்கான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் 1989ஆம் ஆண்டின் பாசல் உடன்படிக்கை அதற்கு அடிப்படையானது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கும் துணைநின்றது. 2020 செப்டெம்பரில் முதற்தொகுதி புறப்பட்டு, 2022 பெப்ரவரியில் கடைசித் தொகுதியும் பிரித்தானியாவுக்கே திரும்பியது. கொள்கலன் இலக்கமும் ஏற்றுமதிப் பத்திரமும் இருந்ததால் இது கைகூடியது. கடலில் கரைந்த எண்ணெய்க்கு இலக்கம் கிடையாது.

தொழில்நுட்பக் கண்காணிப்பு கடற்றொழிலாளர் மேல் எப்படி விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் இலங்கைக்கு எச்சரிக்கை கொடுத்து, 2015 ஜனவரியில் இலங்கை மீன் இறக்குமதியை நிறுத்தியது. 2013இல் அந்த ஏற்றுமதி 7.4 கோடி யூரோ பெறுமதியானது. சர்வதேசக் கடலில் மீன்பிடிக்கும் படகுகளை இலங்கை கண்காணிக்கவில்லை, தண்டிக்கவுமில்லை என்பது குற்றச்சாட்டு. இலங்கை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி, ஆழ்கடல் அனுமதிப்பத்திரமும் செய்மதிவழிப் படகு கண்காணிப்புக் கருவியும் கட்டாயமாக்கியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. பிறகு ஆஸ்திரேலிய உதவியோடு 4,200 பல நாள் படகுகளுக்குக் கருவி பொருத்தும் திட்டம் வந்தது. அதன் நோக்கத்தில் சட்டவிரோதக் குடிப்பெயர்வைத் தடுப்பதும் அடங்கும்.

வெளிநாட்டுச் சந்தைக்காகவும் வெளிநாட்டு எல்லைக்காகவும் வந்த கருவி என்பதால், படகுக்காரர் பலர் அதைப் பொலிஸ் கண்ணாகவே பார்க்கிறார்கள். அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. 330 மீற்றர் நீளமுள்ள எண்ணெய்க் கப்பல் கரையைக் கடக்கும்போது அதன் தடத்தைக் கரையோர மக்கள் சார்பில் எவரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சாய்ந்தமருதுப் படகு எல்லை தாண்டினால் கொழும்பில் மணி அடிக்கிறது. இந்தச் சமமின்மையை நீக்கக் கருவியைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் பதிவைப் படகுக்காரரின் சொத்தாகவும் ஆக்கினால் போதும். நியூ டயமண்ட் போன்ற நிகழ்வின்போது எந்தெந்தப் படகு எந்தக் கடலில் தொழில் செய்து வந்தது, எத்தனை நாள் அங்கே போக முடியாமல் நின்றது என்பதை அப்பதிவு மணிப்பிசகின்றிச் சொல்லும். இழப்பீடு கோரும் படகுக்காரருக்கு அதைவிட உறுதியான சாட்சி கிடையாது. மாதமொருமுறை தன் படகின் தடத்தைக் கடற்றொழில் திணைக்களத்திடமிருந்து உரிமையாளர் எழுத்தில் பெறும் முறை ஒன்று இதற்குத் தேவை.

கரைவலைக்காரருக்கும் சிறு இயந்திரப் படகுக்காரருக்கும் அந்த வாய்ப்பும் இல்லை. அவர்களிடம் செய்மதிக் கருவி கிடையாது. பிடியின் கணக்கு பெரும்பாலும் வாடியில் முதலாளியின் கொப்பியோடு நின்றுவிடுகிறது. எண்ணெய் மாசு இழப்பீட்டுக்கான சர்வதேச நிதியங்களோ வேறு காப்புறுதியாளரோ முதலில் கேட்பது கடந்த ஆண்டுகளின் வருமானக் கணக்கை. சிறுதொழிலாளருக்குக் கணக்கேடு இல்லாதபோது வேறு ஆதாரங்களை ஏற்கும் வழிமுறைகள் அந்நிதியங்களிடம் உண்டு. ஆனாலும் ஏதோ ஓர் ஆதாரம் வேண்டும். கடற்றொழிலாளர் சங்கம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாட்டுக்கும் திகதி, வலையின் பெயர், மீன் வகை, நிறை, ஏல விலை என்ற ஐந்து நிரலை நிரப்பி, மாத இறுதியில் கடற்றொழில் பரிசோதகரிடம் ஒப்பம் வாங்கி வைத்தால், மூன்று ஆண்டில் அக்கொப்பி நீதிமன்றம் ஏற்கும் ஆவணமாகும். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைப்பதும் பாதுகாப்பு.

கரையின் வழமையான நிலையும் இதே போலப் பதிவாக வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகிறது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை சில நிலையான இடங்களைக் குறித்து, அங்கே தார்க்கட்டியின் நிறை, மணலில் பிளாஸ்டிக் மணிகளின் எண்ணிக்கை, நீரில் எண்ணெயின் செறிவு ஆகியவற்றை ஒரே முறையில் ஆண்டுதோறும் அளப்பது அந்தப் பீடத்தின் மாணவர் எட்டக்கூடிய வேலை. வெளிநாட்டு நீதிமன்றம் முடிவுகளை ஏற்க, ஆய்வுகூடம் ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்றிருப்பது நல்லது. அது கிட்டும் வரை, முத்திரையிட்ட இரண்டாவது போத்தலைக் கொழும்பில் நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவுக்கோ சென்னைக்கோ அனுப்பும் ஏற்பாடு போதும். கிழக்கில் வாடை ஒக்டோபர் கடைசியில் எழத் தொடங்குவதால் ஆண்டின் முதற்சுற்று மாதிரிகள் செப்டெம்பருக்குள்ளும், இரண்டாவது சுற்று கடல் அடங்கும் மார்ச்சிலும் எடுக்கப்பட வேண்டும்.